அப்பாவின் பெயர் சூசையா, ஜோசப்பா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"என் தகப்பனார் மன்னார்ப் பக்கம் பிறந்தவர்; மூன்று வருடங்களுக்கு முன் காலமானார். அண்ணாவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் 'சூசை' என்றும், என்னுடையதில் 'ஜோசப்' என்றும், அப்பாவின் அடையாள அட்டையிலும் மரணச் சான்றிதழிலும் 'யோசேப்பு' என்றும் இருக்கின்றன. கலிபோர்னியாவில் சான் ஹொசே நகரத்தில் இருக்கும் அண்ணா என்னை அங்கு அழைப்பதற்கு விண்ணப்பித்திருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரு தகப்பனின் பிள்ளைகள் என்று காட்டவேண்டும். மூன்றும் ஒரே பெயர்தானே, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் 'ஜோசப்' என்றே மொழிபெயர்த்துத் தரமுடியாதா? தன்னுடைய நகரத்தின் பெயரும் அப்பாவின் பெயர்தான் என்று அண்ணா சொல்கிறார். பக்கத்து வீட்டு யூசுப் நானாவும் தன் பெயரும் அதுவேதான் என்கிறார். இவை உண்மையா? மகளுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கவிருக்கிறது. ஆண் பிள்ளையானால் அப்பாவின் பெயரை வைக்க விரும்புகிறோம்; எப்படி எழுதினால் பின்னாளில் தொல்லை வராது?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதற் கேள்விக்கு நேராகவே விடை சொல்லிவிடுகிறேன்: முடியாது. மூன்றும் ஒரே பெயர் என்பது உண்மை. ஆனால் உங்கள் சான்றிதழ்களுக்குள் அந்த உண்மையை எழுதிவைக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தம் முத்திரையைப் பதிக்கும்போது, மூலத்தில் எழுதியிருப்பதை எழுதியபடியே தந்திருக்கிறேன் என்றுதான் உறுதி கூறுகிறார். அதில் எழுதப்பட்ட ஆள் இன்னார் என்று அவர் உறுதி கூறுவதில்லை. ஆகவே 'சூசை' என்பதை நான் 'சூசை' என்ற ஒலி வருமாறுதான் ஆங்கில எழுத்தில் எழுதுவேன்; 'யோசேப்பு' என்பதையும் அப்படியே.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். புதுக்கடையில் தொழிலுக்கு வந்த புதிதில், சூசைமுத்து என்ற பெயருடைய பெரியவர் ஒருவரின் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கையில், எனக்குத் தெரிந்த கொஞ்சப் பெயராராய்ச்சியைக் காட்டும் ஆசையில் 'ஜோசப் முத்து' என்று எழுதிவிட்டேன். அவருடைய கடவுச்சீட்டில் சூசைமுத்து என்று இருந்தது. அதை நான் கேட்டுப் பார்க்கவும் இல்லை. சில மாதங்களின் பின், ஜோசப் முத்து என்பவர் யார் என்ற கேள்வியோடு கோப்பு திரும்பி வந்தது. அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, குடையைச் சுருக்கியபடி பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, என்ர பேரை ஏன் மாத்தினனீங்கள்?" கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மகளின் கலியாணத்துக்குப் போகவேண்டியவர், கலியாணம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்.

இனி, பெயரின் கதைக்கு வருவோம். உங்கள் தகப்பனாரின் பெயர் ஏன் மூன்று ஆயிற்று என்று விளங்கினால், அதிகாரிகளின் கேள்விகளுக்கு நீங்களே தெளிவாக விடை சொல்லக்கூடியதாக இருக்கும்.

மூலப்பெயர் எபிரேய மொழியில் யோசேஃப். வேதாகமத்தின் முதல் நூலான தொடக்கநூலின் 30ஆம் அதிகாரத்தில், நெடுங்காலம் பிள்ளையில்லாதிருந்த ராகேல் தன் முதல் மகனைப் பெற்றபோது, ஆண்டவர் இன்னுமொரு மகனை எனக்குச் சேர்த்துத் தருவாராக என்று சொல்லி இந்தப் பெயரை இடுகிறாள். 'கூட்டுதல், சேர்த்தல்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது அது. நம் இலக்கணத்தில் சொல்வதானால், அது பெயர்ச்சொல்லாகப் பிறந்த பெயரன்று. 'சேர்ப்பாராக' என்ற வியங்கோள் வினைமுற்று ஓர் ஆளின் பெயராக நின்றுவிட்டது. அந்த முதல் யோசேப்பு, சகோதரர்களால் விற்கப்பட்டு எகிப்துக்குப் போனவர். பல நூற்றாண்டுகளின் பின் அவருடைய பெயரையே மரியாளின் கணவரான நாசரேத்துத் தச்சர் தாங்கினார். கத்தோலிக்க நாடுகளில் இந்தப் பெயர் பரவியது பெரும்பாலும் இரண்டாமவரால்தான். மார்ச் 19ஆம் திகதி அவருடைய திருநாள். உங்கள் தகப்பனாரின் பிறந்த திகதி அதற்குச் சில நாள் முன்பின்னாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் பழைய ஆட்கள் பலருக்குப் பெயர் வந்த வழி அதுதான்.

எபிரேயத்திலிருந்து கிரேக்கம், அங்கிருந்து லத்தீன், லத்தீனிலிருந்து ஐரோப்பிய மொழிகள் என்று பெயர் நடந்தது. போர்த்துக்கேயத்தில் அது தேய்ந்து, கடைசி மெய்யை இழந்து, 'ஜுசே'க்கும் 'ஷுசே'க்கும் இடைப்பட்டதொரு ஒலியோடு நின்றது. மன்னாரிலும் முத்துக்குளித்துறையிலும் கரையோர மக்கள் பதினாறாம் நூற்றாண்டில் ஞானஸ்நானம் பெற்றபோது காதில் விழுந்தது இந்த வடிவம்தான். தமிழில் இல்லாத முதல் ஒலிக்குச் 'சூ' வந்தது. இறுதி ஏகாரம் ஐகாரமாகித் தமிழ்ப் பெயர்போல் அமைந்தது. இப்படித்தான் சூசை, பின்பு சூசையப்பர், சூசைப்பிள்ளை, சூசைமுத்து, சூசைதாசன். சிங்களக் கத்தோலிக்கர் 'ஜுசே' என்று போர்த்துக்கேய ஒலிக்கு இன்னும் நெருங்கிய வடிவத்தை வைத்திருக்கிறார்கள். கோவாவில் 1651இல் பிறந்து, ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து, 1711இல் கண்டியில் இறந்த குருவை 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார் அல்லவா? அவரைச் சிங்களத்தில் ஜுசே வாஸ் என்றும், தமிழில் சிலர் ஜோசப் வாஸ் என்றும் சிலர் யோசப் வாஸ் என்றும் எழுதுகிறார்கள். ஒரு புனிதருக்கே இந்த நிலை என்றால், உங்கள் தகப்பனாருக்கு மூன்று வடிவம் இருப்பது ஒன்றும் பெரிதல்ல.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பழைய குருமார் சில பெயர்களை ஒலியால் எடுத்தார்கள், சிலவற்றைப் பொருளால் எடுத்தார்கள். லத்தீனில் 'சிறியவர்' என்று பொருள்படும் பவுலுவைச் சின்னப்பர் ஆக்கினார்கள். 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்று பொருள்படும் எபிரேயப் பெயரான யோவானை அருளப்பர் ஆக்கினார்கள். சூசையோ ஒலியாகவே நின்றது. அந்தக் குறையைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். சூசையப்பரைத் தலைவராக வைத்து அவர் பாடிய தேம்பாவணியில் அந்தத் தலைவருக்கு இட்ட பெயர் வளன். 'சேர்த்தல், பெருகுதல்' என்ற எபிரேயப் பொருளை ஒரே சொல்லில் பிடித்துவிட்டார். அவருடைய சொந்தப் பெயரே கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி. அந்த 'ஜுசெப்பே' இத்தாலிய மொழியில் யோசேப்புத்தான். தம் பெயரையே அவர் தமிழாக்கினார் என்றும் சொல்லலாம். காவியத்துக்கு அது அழகு. ஆனால் இதே வேலையை ஒரு பிறப்புச் சான்றிதழில் நான் செய்தால் என் முத்திரை பறிபோகும். அருளப்பு என்ற பெயரை 'ஜோன்' என்று எழுதித் தரச்சொல்லி வருகிறவர்களுக்கும் இதே விடைதான்.

'ஜோசப்' ஆங்கிலேயர் காலத்தில் பாடசாலை வழியாகவும் அலுவலகம் வழியாகவும் வந்தது. மருதானையில் 1896இல் தொடங்கிய புனித ஜோசப் கல்லூரி, கிராண்ட்பாஸில் சென். ஜோசப் வீதி என்று கொழும்பில் அந்த வடிவம் ஊன்றிவிட்டது. அண்ணா மன்னாரிலும் நீங்கள் கொழும்பிலும் பிறந்திருந்தால், ஒருவர் சான்றிதழில் சூசையும் மற்றவர் சான்றிதழில் ஜோசப்பும் இருப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. ஊரில் அழைத்தபடி ஒன்று, வேலைத்தலத்தில் அழைத்தபடி மற்றொன்று. 'யோசேப்பு' வேதாகமத் தமிழ். புரட்டஸ்தாந்தர் நெடுங்காலமாக அப்படித்தான் எழுதிவந்தார்கள். 1995இல் வெளிவந்த, இரு சபையாருக்கும் பொதுவான வேதாகம மொழிபெயர்ப்பும் அதையே ஏற்றதோடு கத்தோலிக்கக் கோயில்களிலும் சூசையப்பர் மெல்ல மெல்லப் புனித யோசேப்பு ஆனார்.

இடையில் ஒரு வேடிக்கை. ஜகரத்தைத் தவிர்த்து யப்பான், யேர்மனி, யூலை என்று எழுதும் நம் நாட்டு வழக்கப்படி ஜோசப்பும் 'யோசப்' ஆனார். வடமொழி எழுத்து வேண்டாம் என்பதற்காகச் செய்த மாற்றம் அது; ஆனால் எபிரேயத்தில் அந்தப் பெயர் தொடங்குவதும் யகர ஒலியில்தான். மூலத்தைத் தேடாமலே நம்மவர்கள் மூலத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

யூசுப் நானா சொல்வதும் சரி. குர்ஆனின் 12ஆவது அத்தியாயம் யூசுப் நபியின் பெயராலேயே வழங்குகிறது. அதில் வருகிறவர் ராகேலின் மகனான அதே யோசேப்பு. அரபியிலும் எபிரேயத்திலும் கடைசி ஒலி 'ஃப்'. தமிழில் அதற்குத் தனியெழுத்து இல்லாததால் யூசுப், யோசப் இரண்டும் ஒரே பகரத்தில் வந்து முடிகின்றன. கேரளத்தில் சிரியக் கிறிஸ்தவர்களிடம் இதே பெயர் சிரியக் மொழி வழியாக வந்து 'ஔசேப்பு' என்று நிற்கிறது. எகிப்தில் நைல் நதியின் நீரைப் பையூம் பள்ளத்துக்குக் கொண்டுபோகும் கால்வாயை இன்றும் 'பஹ்ர் யூசுப்', அதாவது யூசுப்பின் ஆறு, என்றுதான் அழைக்கிறார்கள். அவரே வெட்டுவித்தார் என்பது அங்குள்ள மரபு.

அண்ணாவின் நகரத்துக்கு வருகிறேன். 1777 நவம்பர் 29ஆம் திகதி ஸ்பானியர் அங்கு ஒரு குடியிருப்பை அமைத்து அதற்குப் புனித சூசையப்பரின் பெயரை இட்டார்கள். ஸ்பானியமும் போர்த்துக்கேயமும் இந்தப் பெயரை ஒரே எழுத்துக்களால் எழுதுகின்றன, வாசிப்பில்தான் வேறுபாடு. முதலெழுத்தை ஸ்பானியர் இன்று 'ஹ' என்று ஒலிப்பதால் அங்கே 'ஹொசே'. போர்த்துக்கேயர் ஒலித்ததைக் கேட்டு நாம் சொன்னதால் இங்கே 'சூசை'. ஆகவே அண்ணா சொன்னது சரி என்பது மட்டுமல்ல, உங்கள் மூன்று வடிவங்களுள் அந்த நகரத்துக்கு மிக நெருங்கிய உறவு ஜோசப்புக்கோ யோசேப்புக்கோ அல்ல, சூசைக்குத்தான். கோஸ்டாரிக்காவின் தலைநகரும் இன்னொரு சான் ஹொசே. பிரேசிலில் 'சாவ் ஜுசே' என்று தொடங்கும் ஊர்கள் பல உண்டு.

ஆனால் அந்தப் பெயருள்ள இடமெல்லாம் நேரே புனிதரிடமிருந்து பெயர் பெற்றவையல்ல. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சென். ஜோசப் என்ற நகரம் 1843இல் அமைந்தது. அமைத்தவர் ஜோசப் ரோபிடூ என்ற மென்மயிர்த் தோல் வணிகர். பெயர் அவருடைய பாதுகாவலரான புனிதருக்குரியது என்றாலும், தம் பெயரையும் அவர் மறந்துவிடவில்லை என்பது தெரிகிறது. ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் என்று ஒரு சிற்றூர், நெஸ் பெர்ஸ் என்ற பழங்குடியின் தலைவர் ஜோசப்பை நினைத்துப் பெயரிடப்பட்டது. அவர் தந்தைக்குப் பாதிரியார் ஒருவர் ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் மகனுக்கும் வழங்கியது. வட துருவத்துக்கு அருகே, இப்போது ரஷ்யாவுக்குரிய ஒரு தீவுக்கூட்டம் ஃபிரான்ஸ் ஜோசப் நிலம் எனப்படுகிறது. 1873இல் அதைக் கண்டவர்கள் ஆஸ்திரியப் பேரரசரின் பெயரை இட்டார்கள். ராகேலின் வேண்டுதல் பனிக்கட்டி வரைக்கும் போயிருக்கிறது.

இவ்வளவையும் நான் விரித்துச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் 'ஒரே பெயர்தானே' என்று கேட்கிறீர்கள். ஒரே பெயர்தான்; யூசுப் நானாவுக்கும், பேரரசருக்கும், கலிபோர்னியாவில் ஒரு நகரத்துக்கும் அதே பெயர். ஆகையால் பெயர் ஒன்று என்பதை நிறுவுவதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஆள் ஒருவர் என்பதைத்தான் நிறுவவேண்டும். சூசை என்றால் ஜோசப் என்று பேராசிரியர் ஒருவரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தாலும், மன்னாரில் ஒரு சூசையும் கொழும்பில் ஒரு ஜோசப்பும் இருவராக இருந்திருக்கலாமே என்று அதிகாரி கேட்டால் அந்தக் கடிதத்தில் விடை இராது.

விடை உங்கள் கையில் உள்ள கடதாசிகளிலேயே இருக்கலாம். இரண்டு பிறப்புச் சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தகப்பன் பெயருக்குக் கீழே உள்ள கூடுகளைப் பாருங்கள். தகப்பனின் பிறந்த திகதி, பிறந்த இடம், தொழில் அங்கே பதியப்பட்டிருக்கும். பாட்டனின் பெயருக்கும் தனிக் கூடு உண்டு. பெயர் வேறுபட்டாலும் பிறந்த திகதியும் ஊரும் பாட்டனும் ஒத்திருந்தால் அது வலிமையான சான்று. அவ்வாறே தாயின் கூட்டையும் பாருங்கள். இரண்டிலும் அம்மாவின் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால், உடன்பிறப்பு என்பதற்கு அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

அதன்மேல் ஒரு சத்தியக்கடதாசி வேண்டும். அம்மா இருந்தால் அவர், இல்லையென்றால் அப்பாவின் உடன்பிறந்தோரில் ஒருவர், சூசை, ஜோசப், யோசேப்பு ஆகிய மூன்று பெயர்களாலும் அறியப்பட்டவர் ஒருவரே என்றும், அது தமக்கு எவ்வாறு தெரியும் என்றும், அடையாள அட்டை இலக்கத்தையும் குறிப்பிட்டு, சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில் கையொப்பமிடவேண்டும். வாசகத்தைச் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கள். பிறப்புப் பதிவிலேயே திருத்தம் செய்வதற்கும் வழி இருக்கிறது. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அண்ணாவின் விண்ணப்பத்தோடு ஏற்கெனவே ஒரு பிரதி போயிருந்தால், இடைநடுவில் பதிவை மாற்றுவது புதிய கேள்விகளைக் கிளப்பும். சட்டத்தரணியிடம் கேட்காமல் அதைத் தொடவேண்டாம் என்பது என் எண்ணம்.

பேரப்பிள்ளையின் பெயரைப் பற்றி. எந்த வடிவம் நல்லது என்று நீங்கள் கேட்கவில்லை, எது தொல்லை தராது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். மூன்று வடிவங்களும் தொல்லை தராதவையே. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் தொல்லை. வீட்டில் ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, அதன் தமிழ் எழுத்து, சிங்கள எழுத்து, ஆங்கில எழுத்து மூன்றையும் ஒரு துண்டில் எழுதி, பதிவாளரிடம் போகிறவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகட்டும். வாயால் சொன்னால் எழுதுகிறவர் தமக்குப் பழகியபடிதான் எழுதுவார். கோயிலில் ஞானஸ்நானப் பதிவுக்கும், பின்னர் பாடசாலை அனுமதிக்கும், கடவுச்சீட்டுக்கும் அதே துண்டு. என் சொந்த விருப்பத்தைக் கேட்டால் சூசை என்றே சொல்வேன். இப்போது அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒரேயொரு எச்சரிக்கை: ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஓ' என்ற எழுத்தை இரட்டித்து எழுதுங்கள். 'யூ' இட்டு எழுதிய சூசையை வெளிநாட்டு அலுவலகங்கள் சூசன் என்ற பெண்பெயரின் பிழையான வடிவமோ என்று சந்தேகிப்பதைக் கண்டிருக்கிறேன். சூசனும் எபிரேயப் பெயர்தான், ஆனால் லீலி மலரைக் குறிக்கும் வேறொரு சொல்.

கடைசியாக ஒரு வேலை. அப்பா ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் பங்குத்தந்தைக்கு எழுதி, பதிவேட்டில் உள்ளபடி ஒரு சான்றுப் பிரதி கேளுங்கள். பழைய பதிவேடுகளைக் குருமார் பல இடங்களில் லத்தீனில் எழுதிவைத்தார்கள்; ஊர் சூசை என்று அழைத்த பிள்ளையை அவர்கள் 'ஜோசேபுஸ்' என்று எழுதி, பெற்றோரின் பெயரையும் ஞானப்பெற்றோரின் பெயரையும் பக்கத்தில் குறித்திருப்பார்கள். அப்பாவுக்கு அங்கேயே திருமணமும் நடந்திருந்தால், அந்தக் குறிப்பும் அதே வரியின் ஓரத்தில் இருக்கக்கூடும். அந்தப் பிரதியையும், காலாவதியானதாக இருந்தாலும் அப்பாவின் பழைய கடவுச்சீட்டு ஏதும் இருந்தால் அதையும், மொழிபெயர்க்கக் கொடுக்கும் முன் மொழிபெயர்ப்பாளரிடம் காட்டுங்கள். கடவுச்சீட்டில் எந்த ஆங்கில எழுத்துக்களால் அவர் பெயர் இருக்கிறதோ, அந்த வடிவத்துக்கு அதே எழுத்துக்களை இடுவது எங்கள் வழக்கம்.